ரேடார் பார்க்காத மழை

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னைவாசிகளின் கைப்பேசிகளில் ஒரு வட்டம் தவறாமல் வந்து நிற்கும். துறைமுகத்தில் உள்ள டாப்ளர் ரேடார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தரும் படம் அது. நடுவில் நகரம், சுற்றிலும் 250 கி.மீ. ஆரத்துக்கு நிலமும் கடலும், அவற்றின்மேல் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் திட்டுத்திட்டாக மழை. 2002-இல் இந்த ரேடார் நிறுவப்பட்டபோது வானிலை ஆய்வாளர்களின் மேசையைத் தாண்டி யாரும் பார்க்காத படத்தை இன்று மாடியில் வற்றல் காயவைப்பவர் முதல் பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்கும் மாணவர் வரை எல்லோரும் பார்க்கிறார்கள். ‘சிவப்பு கடலூர் பக்கம் இறங்குது, நமக்கு இன்னும் ஒரு மணி நேரம்’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே கணிப்பு சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டோம். தமிழ்நாடு வெதர்மேன் எனப்படும் பிரதீப் ஜான் போன்ற தன்னார்வலர்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் இந்தத் தேர்ச்சியில் ஒரு பாதி குறைகிறது. வண்ணம் இருக்கும் இடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட நாம், வண்ணம் இல்லாத இடத்தைப் படிக்கக் கற்கவில்லை. அந்த வெற்றிடத்துக்கு ‘அங்கே மழை இல்லை’ என்று பொருள் இருக்கலாம். ‘அங்கே ரேடாருக்குக் கண் எட்டவில்லை’ என்றும் பொருள் இருக்கலாம். நம் படங்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டுகின்றன. சிவப்பைப் பார்த்தவன் குடை எடுப்பான், வண்டியை மேட்டில் நிறுத்துவான். வெற்றிடத்தைப் பார்த்தவன் நிம்மதியாகத் தூங்கப் போவான். படத்தில் அதிக ஆபத்தான பகுதி எது என்று கேட்டால், நான் சிவப்பைச் சுட்ட மாட்டேன்.

ரேடார் மழையைப் படம் பிடிப்பதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அது நுண்ணலைத் துடிப்பை அனுப்பிவிட்டு, துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்குக் காத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தைத் தேடிய ரேடார்களின் திரையில் மழை ஒரு தொல்லையாகத்தான் முதலில் தெரிந்தது. போருக்குப் பின் அந்தத் தொல்லையையே அளவுகோலாக்க முயன்றவர்களில் முக்கியமானவர்கள் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷலும் பால்மரும். மழைத்துளிகளின் அளவுப் பரவல் பற்றி 1948-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின் வழியில் உருவான சூத்திரம் இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. எதிரொலியின் வலிமை துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது, 2 மி.மீ. துளி ஒன்று, 1 மி.மீ. துளிகள் 64 சேர்ந்து தரும் எதிரொலியைத் தனியே தந்துவிடும். நீரின் அளவோ எட்டு மடங்குதான். ஆக, எதிரொலியிலிருந்து மழைக்குப் போகும்போது துளிகள் எப்படிப்பட்டவை என்று ஓர் ஊகம் செய்துதான் தீர வேண்டும். படத்தில் 40 டிபிஇசட் (எதிரொலி வலிமையின் அலகு) என்று காட்டும் மஞ்சளை மார்ஷல்-பால்மர் சூத்திரத்தில் போட்டால் மணிக்கு சுமார் 11.5 மி.மீ. மழை. கடலிலிருந்து வரும் வெப்பமண்டல மழைக்கென அமெரிக்க வானிலைத் துறை வைத்திருக்கும் சூத்திரத்தில் அதே 40-ஐப் போட்டால் 21 மி.மீ-ஐத் தாண்டும். ஒரே நிறம், ஏறத்தாழ இரு மடங்கு மழை. பெரிய சிவப்புத் திட்டு எதையும் காட்டாமலே வடகிழக்குப் பருவமழை தெருவை நிரப்பிவிட்டுப் போவதற்கு, சிறு துளிகள் மிகுந்த கடல்மேகங்களே பல நேரம் காரணம். வண்ணம் உள்ள இடத்திலேயே இவ்வளவு கேள்வி என்றால், வண்ணமே இல்லாத இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அலைக்கற்றை நேராகப் போகிறது, பூமி வளைகிறது. மிகத் தாழ்வான சுற்றிலும் ரேடார் தன் கற்றையை வழக்கமாக அரை டிகிரி அளவுக்கு மேல்நோக்கியே அனுப்புகிறது. இரண்டும் சேர்ந்து 100 கி.மீ. தொலைவில் கற்றையின் மையம் ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. உயரத்துக்கும், 200 கி.மீ-இல் நான்கு கி.மீ. உயரத்துக்கும் போய்விடுகிறது. டார்ச் விளக்கின் ஒளிபோல அது விரிந்துகொண்டும் போகிறது. ஒரு டிகிரி அகலக் கற்றை 200 கி.மீ-இல் மூன்றரை கி.மீ. பருமனாகிவிடும். சென்னையிலிருந்து சுமார் 240 கி.மீ. தெற்கே உள்ள காரைக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் படத்தின் வட்டத்துக்குள்தான் அந்த ஊர் இருக்கிறது. ஆனால் சென்னைக் கற்றை அந்த ஊருக்கு மேலே ஏறத்தாழ ஐந்தரை கி.மீ. உயரத்தில் போகிறது. நம் வானத்தில் நீர் உறையும் மட்டம் சுமார் ஐந்து கி.மீ. அதாவது படத்தின் விளிம்பில் சென்னை ரேடார் பார்ப்பது மழையை அல்ல, பனியை. தமிழ்நாட்டின் மேல் பனி பொழிகிறது என்றால் சிரிப்பு வரும். ஆனால் உயர்ந்த இடிமேகங்களில் பனித்துகளாகத் தொடங்கி, இறங்கும் வழியில் உருகி, நம் தலையில் மழையாக விழும் நீர் கொஞ்சமல்ல. அது உருகும் மட்டத்தில் ரேடாரை ஏமாற்றவும் செய்கிறது. மேற்பரப்பில் ஈரம் கோத்த பெரிய பனித்துகள், ரேடாருக்கு ராட்சத மழைத்துளியாகத் தெரியும். மிதமான மழையைச் சுற்றி ஒளிமிக்க வளையம் ஒன்று தோன்றும். எந்த உயரத்தில் கிடைத்தாலும் உச்ச எதிரொலியைப் பொறுக்கியெடுத்துத் தரையில் ஒட்டிக் காட்டும் ‘மேக்ஸ்-இசட்’ படத்தைத்தான் நம்மவர்கள் அதிகம் பகிர்கிறார்கள். ஆகவே இந்த ஏமாற்றம் அதில் கூடுதலாகவே தெரியும்.

உயரத்தால் வரும் இந்தக் குருட்டுத்தன்மையின் முழு வீச்சைப் பனிதேசங்களில்தான் பார்க்க முடியும். பனிக்கட்டி நுண்ணலையைத் திருப்பும் திறன் நீரின் திறனில் ஐந்தில் ஒரு பங்கே இருக்கும். போதாததற்குப் பனி தரும் குளிர்கால மேகங்கள் குட்டையானவை. அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில் உள்ள பஃபலோ நகரத்தின் கதை நல்ல சான்று. இன்னும் உறையாத ஏரியின் மேல் கடுங்குளிர் காற்று வீசும்போது, நீராவியை அள்ளிக்கொண்டு சில கி.மீ. அகலமே உள்ள பனிப்பட்டை ஒன்று கரையேறும். மேகத்தின் உச்சி இரண்டு, மூன்று கி.மீ. உயரம்தான். 2014 நவம்பரில் நகரின் தென்புறநகர்களில் ஐந்தடிக்கு மேல் பனி குவிந்தது. அதே நேரத்தில் சற்றே வடக்கில் சில அங்குலம் மட்டும். இப்படி ஒரு பட்டையைப் பஃபலோ ரேடாரால் துல்லியமாகத் தொடர முடிந்ததற்குக் காரணம் அது பக்கத்திலேயே இருந்ததுதான். அதே பட்டை 150 கி.மீ. தள்ளி இருந்திருந்தால் கற்றையின் பெரும்பகுதி அதன் தலைக்கு மேலேயே போயிருக்கும். படத்தில் வெளிர்நீலக் கீற்று தெரிந்தாலே அதிகம். தரையிலோ வாசற்கதவைத் திறக்க முடியாத அளவுக்குப் பனி. நம் நாட்டிலும் 2021-இல் குஃப்ரி, முக்தேஷ்வர், 2022-இல் லே என இமயத்தில் எக்ஸ்-பேண்ட் எனப்படும் குட்டை அலைநீள ரேடார்கள் வந்திருக்கின்றன. மலைமுகட்டில் அமர்ந்த ரேடாரால், பள்ளத்தாக்கில் தவழும் தாழ்மேகத்தைக் குனிந்து பார்க்க முடியாது என்ற எல்லை அவற்றுக்கும் உண்டு.

இனி மலைகள் தரும் மறைப்பு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட இது அதிகம். திருச்செந்தூரில் சுமார் 69 செ.மீ. தாமிரபரணி கரையை உடைத்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, ஏறத்தாழ 800 பயணிகள் மீட்புக்குக் காத்துக் கிடந்தார்கள். எச்சரிக்கை முன்பே தரப்பட்டதா, தரப்பட்டது போதுமானதா என்று மத்திய, மாநில அரசுகள் பிறகு வார்த்தைப் போர் நடத்தின. அந்தப் போரில் அதிகம் பேசப்படாத ஒன்றை இங்கே கேட்போம். அந்த இரவு காயல்பட்டினத்தை எந்த ரேடார் பார்த்துக்கொண்டிருந்தது? காரைக்காலிலும் ஒரு ரேடார் உண்டு; அது 320 கி.மீ. தொலைவில், அதைக் கணக்கிலிருந்தே விட்டுவிடலாம். திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் இஸ்ரோவின் ரேடார் இருக்கிறது. நேர்கோட்டில் 137 கி.மீ.தான், சமவெளியாக இருந்தால் மோசமில்லை, கற்றை இரண்டரை கி.மீ-க்குள் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் அகத்தியமலைப் பகுதி. அதன் உச்சி 1,868 மீட்டர். தாழ்வான கற்றைகள் மலையில் மோதி நின்றுவிட, மலையைத் தாண்டும் மேல்கற்றைகள் மட்டுமே கிழக்கே வரும். அவை காயல்பட்டினத்தை அடையும்போது ஐந்தாறு கி.மீ. உயரத்துக்குப் போயிருக்கும். மழையின் பெரும்பகுதி உருவாகித் துளிகள் பருக்கும் இடம் அதற்குக் கீழே. உயரத்தில் தெரிந்ததை வைத்து அங்கே மழை உண்டு என்று சொல்ல முடியும். அது 20 செ.மீ. மழையா, 95 செ.மீ. மழையா என்று சொல்ல முடியாது. சென்னையின் தலைக்கு மேல் மட்டும் ரேடார்கள் ஒன்றோடொன்று கவியும் அளவுக்கு இருக்க, தென்கோடியில் ஒரு மாவட்டமே மலைநிழலில் இருந்திருக்கிறது.

இது ஒரு தனி நிகழ்வும் அல்ல. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ-க்கு மேல் மழை பதிவானது. அதைச் சொன்னது மழைமானி, ரேடார் அல்ல. வயநாட்டுக்கு ஒரு ரேடார் வேண்டும் என்பது 2024 ஜூலை நிலச்சரிவுக்குப் பிறகுதான் ஒப்புதல் பெற்றது. ரேடார் இருக்கும் ஊரிலும் வெற்றிடம் முளைக்கும். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் யாரும் எதிர்பாராத கனமழை. சில இடங்களில் சில மணி நேரத்திலேயே 20 செ.மீ-ஐ ஒட்டியது. முன்னறிவிப்புத் திறனை உயர்த்தும்படி முதலமைச்சர் மத்திய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த இரு வாரத்தில், ஜனவரி 14 அன்று, பள்ளிக்கரணையில் எக்ஸ்-பேண்ட் ரேடார் தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல கருவிதான், படத்தில் நுணுக்கம் அதிகம். ஆனால் அதன் அலைநீளம் 3 செ.மீ.; துறைமுக ரேடாரின் அலைநீளம் 10 செ.மீ. குட்டை அலையைக் கனமழை விழுங்கிவிடும். பள்ளிக்கரணைக்கும் உங்கள் ஊருக்கும் நடுவே ஒரு பெரும் இடிமேகம் நின்றால், உங்கள் ஊர் மழை படத்தில் வெளுத்தோ மறைந்தோ போகலாம். முன்னால் உள்ள மழை எவ்வளவு கனமோ, பின்னால் உள்ள மழை அவ்வளவு இல்லாததுபோல் தெரியும். அடைமழை நாளில் ஒரு படத்துக்கு இதைவிட மோசமான குணம் இருக்க முடியாது. பழுதாகி ரேடார் நிற்கும் நாளில் இணையதளத்தில் பழைய படமே நிற்பதும், நேரத்தைக் கவனிக்காமல் அதை நாம் பகிர்வதும் இதே கணக்கில் சேரும்.

செயற்கைக்கோள் இருக்கும்போது இதற்கெல்லாம் ஏன் கவலை என்று கேட்கலாம். இன்சாட் வரிசைக் கோள்கள் அரை மணிக்கு ஒரு படம் தருகின்றன. மலை, வளைவு எதுவும் அவற்றுக்குத் தடையில்லை. உண்மை. ஆனால் அவை பார்ப்பது மேகத்தின் கூரையை. கூரை குளிர்ந்திருந்தால் உயரமான மேகம், உயரமான மேகம் என்றால் அதிக மழை என்பது அவற்றின் ஊகம். மலைச்சரிவில் மோதிக் குட்டையாக நின்றுகொண்டே மணிக்கணக்கில் கொட்டும் மேகத்தை அந்த ஊகம் குறைத்தே மதிப்பிடும். தாழ்வான கடல்மேகங்களிலும் அதே குறை. அதாவது ரேடார் எங்கே கண்மூடுகிறதோ, பெரும்பாலும் அங்கேயே செயற்கைக்கோளும் தடுமாறுகிறது. கைப்பேசிச் செயலிகள் இன்னொரு ரகம். ரேடாரே இல்லாத ஊருக்கும் அவை வழுவழுப்பாக நகரும் மழைப்படம் காட்டும். அது கணினி மாதிரியின் கணக்கா, செயற்கைக்கோள் ஊகமா, உண்மையான எதிரொலியா என்று பார்ப்பவருக்குப் பிரித்துச் சொல்வது அரிது. வெற்றிடத்தைச் சாயம் பூசி மறைத்தால் அது வெற்றிடத்தைவிட மோசம்.

ரேடார் அதிகபட்சம் அடுத்த இரண்டு, மூன்று மணி நேரத்துக்குத்தான் உதவும், பெருமழை எச்சரிக்கை எப்படியும் கணினி மாதிரிகளிலிருந்து வருகிறது, பிறகு ரேடார் இடைவெளியைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ரேடார் ஒன்று இருந்திருந்தால் அந்த ரயில் திருச்செந்தூரை விட்டுப் புறப்பட்டிருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மாதிரி சொல்வது ‘தென்மாவட்டங்களில் அதிகனமழை’ என்பதுவரைதான். எந்த வட்டத்தில், எந்தக் கால்வாயில், எந்தத் தண்டவாளத்தில் என்பது அன்றிரவு எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவே தெரியவர வேண்டிய செய்தி. அணையின் மதகை எவ்வளவு திறப்பது, சுரங்கப்பாதையை எப்போது மூடுவது, எந்தத் தெருவுக்கு முதலில் படகு அனுப்புவது ஆகிய முடிவுகள் எல்லாம் இந்த இரண்டு, மூன்று மணி நேரக் கணக்கில் எடுக்கப்படுபவை. மாதிரிகளுக்கே ரேடார் தரவு தீனி. தொடக்க நிலையைத் தவறாகக் கொடுத்தால் மாதிரியின் முதல் ஆறு மணி நேரமும் தவறாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் ஏறத்தாழ 160 ரேடார்கள் கொண்ட வலைப்பின்னல் 1990-களிலேயே வந்துவிட்டது. இருந்தும் வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரை நெடுங்காலம் குருடாகத்தான் இருந்தது. சியாட்டில் பக்கத்து ரேடாருக்கும் கடலுக்கும் நடுவே ஒலிம்பிக் மலைகள். கடலிலிருந்து வரும் புயல்மழை கரையேறி மலையைத் தாண்டிய பிறகுதான் முழுதாகத் தெரியும். நம் அகத்தியமலைக் கதையைத் திருப்பிப் போட்டது போல. வாஷிங்டன் பல்கலைக்கழக வானிலைப் பேராசிரியர் கிளிஃப் மாஸ் இந்த மறைவிடத்தை வரைபடமாகவே வரைந்து காட்டி ஆண்டுக்கணக்கில் எழுதினார், பேசினார். செனட்டர் மரியா கான்ட்வெல் நிதிக்குப் போராடினார். 2011-இல் கரையோரம் லாங்லி ஹில் என்ற குன்றில் புது ரேடார் வந்தது. ரேடார் எதைப் பார்க்கவில்லை என்பதை வரைந்து காட்டியதுதான் அந்தக் கோரிக்கையின் பலம் என்று நான் நினைக்கிறேன். ‘எங்கள் மாவட்டத்துக்கும் ஒன்று’ என்று மட்டும் கேட்டிருந்தால் அது தொகுதிச் சலுகை கேட்பதாகிப் போயிருக்கும்.

அப்படி வரைந்து காட்டினால் மக்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள், வதந்திக்கு வழியாகும் என்ற தயக்கம் அலுவலகங்களில் இருப்பதை ஊகிக்க முடியும். படிக்கத் தெரியாதவர் கையில் எதற்கு இவ்வளவு விவரம் என்ற பழைய மனப்பான்மையும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் படம் ஏற்கனவே மக்கள் கையில் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையே அதைத் தன் தளத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பது பாராட்டத்தக்கது. படத்தைக் கொடுத்துவிட்டு அதன் எல்லையை மட்டும் மறைப்பதில் தர்க்கம் இல்லை. அமெரிக்காவில் பல ரேடார்களை ஒன்றுசேர்த்து மழையை மதிப்பிடும் அமைப்பு, மழைப்படத்தோடு கூடவே, எந்த இடத்தில் அந்த மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் தரக் குறியீட்டுப் படத்தையும் வெளியிடுகிறது. கற்றையின் உயரம், மலை மறைப்பு, உருகுமட்டம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து அது தயாராகிறது. அங்கே யாரும் அதனால் நம்பிக்கை இழந்ததாகத் தெரியவில்லை. நமக்கு இன்னும் எளிதாகவே செய்யலாம். கற்றை மூன்று கி.மீ-க்கு மேல் போகும் பகுதியையும் மலை மறைக்கும் பகுதியையும் சாம்பல் நிறத்தில் காட்டினால் போதும். மலையும் பூமியின் வளைவும் மாறுவதில்லை. ஒருமுறை கணக்கிட்டு வைத்தால் ஒவ்வொரு படத்திலும் பதிக்கலாம். இதற்குப் புது ரேடார் வேண்டாம், கோடிகள் வேண்டாம், ஒரு சில வாரங்களின் மென்பொருள் வேலை. 2024 செப்டம்பரில் 2,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற ‘மிஷன் மௌசம்’ திட்டத்தில் ரேடார்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது பற்றி நிறையப் பேச்சு. இருக்கும் ரேடார்களின் சாம்பல் பகுதியை முதலில் வரைந்தால், புதியவை எங்கே போக வேண்டும் என்பதை அந்த வரைபடமே பாதி சொல்லிவிடும்.

தமிழ்நாடு அரசு தன் பங்கில் இராமநாதபுரத்துக்கும் ஏற்காட்டுக்கும் இரண்டு ரேடார்களை அறிவித்திருக்கிறது. இராமநாதபுரத்தைப் பொறுத்தவரை கணக்கு தெளிவு. அங்கிருந்து காயல்பட்டினம் 120 கி.மீ-க்குள், நடுவே கடலும் தேரிமணலும்தான், மலை ஏதுமில்லை. அரை டிகிரிக் கற்றை அங்கே இரண்டு கி.மீ. உயரத்துக்குள் வந்துவிடும். தென்கரையின் பெரிய ஓட்டை அதோடு அடைபடும். ஏற்காடு அவ்வளவு எளிதல்ல. அந்த மலை சுமார் 1,500 மீட்டர். சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கம் மறைப்பின்றித் தெரியும், கற்றை மட்டும் தொடக்கத்திலேயே உயரத்தில் இருக்கும். மேற்கே 165 கி.மீ-க்கு அப்பால் உள்ள உதகையை அடையும்போது கடல்மட்டத்திலிருந்து நாலரை கி.மீ. உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவமழை மோதுவதோ உதகைக்கும் மேற்கே, தொட்டபெட்டாவின் மறுபுறம். அவலாஞ்சியும் மேல்பவானியும் அந்தப் பக்கம். இரண்டு புது ரேடார்களும் சுழலத் தொடங்கிய பிறகும் அந்தச் சரிவு படத்தில் வெறுமையாகவே இருக்கும். அங்கே பெய்வதை அறிய தானியங்கி மழைமானிகளை நெருக்கமாக நட்டு, அவற்றின் எண்களை அதே படத்தின்மேல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக் காட்டுவது ஒன்றே இப்போதைக்கு வழி.